பின்சில்லின் அகலம்

கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புக என மலராசிரியர் எம்மைப் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்பது எமக்குப் பெரிய பிரச்சினையாயிற்று. அதிபர்களின் பெருமையையும், விடுதிச் சாலையின் உணவையும், விளையாட்டு மைதானத்தின் வீரச் செயல்களையும் எம்மினும் வல்ல பேனாக்கள் எழுதும் என்பதில் ஐயமில்லை. நாமோ வாழ்நாளிற் பெரும்பகுதியை இங்கிலாந்து தேசத்தில் யந்திரங்களோடு கழித்தவர்கள். எனவே எமக்குத் தெரிந்த ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொண்டோம். மோட்டார் வண்டியின் பின்சில்லுக்கு எத்துணை அகலமான ரயரைப் பூட்டுவது தகும் என்பதே அப்பொருள்.

சரஸ்வதி பூசை மண்டபத்திற் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல வாசகரிற் சிலர் எம்மைப் பார்க்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளுக. இன்று பழைய மாணவரிற் பெரும்பாலார் இலண்டனிலோ, ரொறன்ரோவிலோ, சிட்னியிலோ, கொழும்பிலோ நாள்தோறும் வண்டி செலுத்துகின்றனர். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மணிக்கு எழுபது மைல் வேகத்தில் மழையிற் செல்கின்றனர். அவ்வேளை அக்குடும்பத்தைத் தெருவோடு பிணைத்து வைத்திருப்பவை நான்கே நான்கு இறப்பர்த் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு தபாலட்டையினளவே பரப்புடையது. உயிர் தங்கியிருக்கும் இடத்தை ஆராய்வது அற்பமான ஆராய்ச்சி ஆகாது.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் இவ்வாராய்ச்சிக்கு இடமே இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் அன்று ஓடிய மொறிஸ் மைனர் வண்டிக்கு ஐந்து அங்குல அகலமும் பதினான்கு அங்குல உள்விட்டமும் கொண்ட ரயரே முதலில் விதிக்கப்பட்டிருந்தது. நான்கு சில்லுக்கும் அதுவே; பின்னாற் கிடக்கும் உதவிச் சில்லுக்கும் அதுவே. தேய்ந்ததை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் பூட்டி, ஒட்டுப் போட்டு, நூல் தெரியுமளவும் ஓட்டினார்கள். 1990க்குப் பின்னர்ப் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் அவ்வண்டிகளே மண்ணெண்ணெயிலும் ஓடின. கிடைத்த ரயரே தக்க ரயர் என்பது அக்காலத்து நியதி. தெரிந்தெடுத்தல் என்பது வளம் வந்த பின்னரே வரும் தொல்லை.

இத்தனைக்கும் ரயருக்கும் எமது நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. பிறேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் கொணர்ந்த வித்துக்கள் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1888இல், பெல்பாஸ்ற் நகரிலிருந்த டன்லொப் என்னும் மிருக வைத்தியர் காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1952ஆம் ஆண்டு சீன தேசத்தோடு நாம் இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கும் ஒப்பந்தம் செய்துகொண்டதையும் மூத்தோர் நினைவுகூர்வர். ஆகவே இறப்பரைப் பற்றிப் பேச எமக்கு உரிமையுண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டில் நாம் ஒரு பி. எம். டபிள்யூ வண்டியைப் பழையதாக வாங்கினோம். மூன்றாம் வரிசையைச் சேர்ந்த ‘330 ஐ’ என்னும் வகை. 2004ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்றது. நான்கு கதவுடைய குடும்ப வண்டிதான். ஆயினும் முன்னே மூன்று லீற்றர் கொள்ளளவுள்ள ஆறு உருளை யந்திரமும், 231 குதிரை வலுவும், அவ்வலு முழுவதையும் பின்சில்லுகளுக்கே செலுத்தும் அமைப்பும் உடையது. வீட்டிலே பொறுமைசாலியாகவும் பந்தயத் திடலிலே சூரனாகவும் விளங்கும் மாணவனைப் போன்றது. எமது மூத்த மைந்தன் சாரதிப் பத்திரம் பெற்றுச் சில திங்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு வடக்கே இருநூறு மைலுக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் செல்லவிருந்தான். விடுமுறைதோறும் அவ்வண்டியிலேயே போய்வருவது என ஏற்பாடு.

ரயர் நான்கும் தேய்ந்திருந்தன. புதியன வாங்க வேண்டும் என்று நாம் கூறியவுடன் மைந்தன் ஒரு விண்ணப்பம் வைத்தான்.

“அப்பா, வாங்குகிறதுதான் வாங்குகிறீர்கள், பின்னுக்கு அகலமானதாக வாங்குங்கோ. பின்னுக்குப் பார்த்தால் ஒரு கம்பீரம் இருக்கவேணும். பிடிப்பும் கூடும்.”

அழகும் பிடிப்பும் ஒருங்கே கிடைக்குமாயின் வேண்டாமென்று சொல்லும் தந்தை யார்? ஆயினும் மைந்தனின் வாயிலிருந்து வந்தது ஒரு வேண்டுகோள் மட்டுமன்று. ஒரு கணிதக் கூற்றும் ஆகும். ‘அகலம் கூடினாற் பிடிப்புக் கூடும்’ என்னும் கூற்று மெய்யா பொய்யா என்று பாராமல் அதற்குப் பணம் கொடுப்பது எமது கல்லூரியிற் பௌதிகம் கற்பித்த ஆசிரியருக்கு இழைக்கும் துரோகமாகும். ஆதலாற் சாப்பாட்டு மேசையிற் கடுதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

முதலிலே ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள எழுத்தைப் படிக்கப் பழகவேண்டும். எமது வண்டியின் முன்சில்லில் 225/45 ஆர் 17 என்றும், பின்சில்லில் 245/40 ஆர் 17 என்றும் பொறிக்கப்பட்டிருந்தன. முதலெண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ‘ஆர்’ என்பது உள்ளிழைகள் ஆரைவழியே ஓடுவதைக் குறிக்கும். 1946ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மிஷெலின் கொம்பனியார் உரிமைப் பத்திரம் பெற்ற முறை அது. இறுதியெண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டுப் பார்த்தால் முன்சில்லின் முழு விட்டம் 634 மில்லிமீற்றர், பின்சில்லினது 628. அகலம் கூடியபோது பக்கச் சுவரைத் தாழ்த்தி, விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்படி வண்டி செய்தோர் அமைத்திருக்கின்றனர்.

ஆகவே செய்தோரே பின்சில்லை 20 மில்லிமீற்றர் அகலமாக்கித்தான் தந்திருக்கின்றனர். இஃது ஏன்?

வன்னியின் வயல்களில் ஓடும் உழவு யந்திரத்தைக் கண்ட எவர்க்கும் விடை தெரியும். அதன் முன்சில்லு சிறிது, பின்சில்லு பெரிது. முன்சில்லின் தொழில் வழிகாட்டுவது. பின்சில்லின் தொழில் உழைப்பது. யந்திரத்தின் வலுவைத் தெருவில் இறக்கும் பொறுப்பு எச்சில்லுக்கோ அச்சில்லுக்கு அகலம் வேண்டும். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. வளைவிலே திரும்பும்போது எந்த ரயரும் தான் நோக்கும் திசையிற் சரியாகச் செல்வதில்லை. சிறிது பக்கவாட்டில் நழுவியே செல்லும். முன்சில்லுகள் கூடுதலாக நழுவினால் வண்டி வளைவுக்கு வெளியே செல்ல முயலும்; சாரதி கால் எடுத்தால் மீண்டும் அடங்கும். பின்சில்லுகள் கூடுதலாக நழுவினால் வால் முன்னே வரத் தொடங்கும். அதனை அடக்கப் பயிற்சியும் பதற்றமின்மையும் வேண்டும். சாதாரண மனிதன் கையில் ஒப்படைக்கும் வண்டி முதல்வகைக் குணமுடையதாயிருத்தல் நன்று என்பது வண்டி செய்தோர் கொள்கை. பின்ரயரை அகலமாக்கினால் அதன் நழுவுதல் குறையும்; வால் அடங்கும்.

இவ்வுண்மையை உலகம் எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டேர்ஸ் கொம்பனியார் 1960ஆம் ஆண்டுக்கு விற்ற கோர்வெயர் என்னும் வண்டிக்கு யந்திரம் பின்னே இருந்தது. நான்கு ரயரும் ஒரே அகலமாகையால், முன்னே சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலும் பின்னே 26 இறாத்தலும் காற்றடித்து அந்தக் குணத்தைச் சமன்செய்யுமாறு விதித்தனர். காற்றடிக்கும் பையனுக்கு இந்த இரகசியம் தெரியுமா? நான்கிலும் ஒரே அளவாக அடித்தவர் பலர். ரல்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே இவ்வண்டியைப் பற்றியதாயிற்று. ஜேர்மனியின் போர்ஷே கொம்பனியாரோ பின்யந்திரம் உடைய தம் 911 வண்டியில் வேறு வழி கண்டனர். 1972இல் அவர்கள் காட்சிக்கு வைத்த கரேரா ஆர். எஸ். என்னும் வகையில் முன்னே 185 மில்லிமீற்றர், பின்னே 215 மில்லிமீற்றர் அகலமான ரயர்களைப் பூட்டினர். காற்றழுத்தத்தை மறக்கலாம், ரயரின் அகலத்தை மறக்க இயலாது.

“அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? இன்னும் அகலமாக்கினால் இன்னும் நல்லது,” என்றான் மைந்தன்.

இங்கேதான் பென்சிலுக்கு வேலை வந்தது. வண்டியின் நிறை சுமார் 1,500 கிலோகிராம். முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்திருப்பதால் ஒரு சில்லின்மேல் 375 கிலோகிராம். அதாவது 827 இறாத்தல். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் எனக் கொள்வோம். 827ஐ 32ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 சதுர அங்குலம். ரயர் தெருவைத் தொடும் பரப்பு அவ்வளவே. வகுத்தலில் அகலம் எங்கே வந்தது? வரவேயில்லை! பக்கச் சுவரின் விறைப்பினாற் சிறிது வேறுபாடு உண்டாயினும், ஒரே பாரத்தையும் ஒரே காற்றையும் தாங்கும் ரயர், ஒடுங்கியதாயினும் அகன்றதாயினும், ஏறத்தாழ ஒரே பரப்பையே தெருவில் வைக்கின்றது. மாறுவது பரப்பின் வடிவமே. ஒடுங்கிய ரயரின் தடம் நீளவாட்டில் நீண்டிருக்கும். அகன்ற ரயரின் தடம் குறுக்கே விரிந்து நீளத்திற் குறுகும்.

மைந்தன் வகுத்தலை மும்முறை செய்து பார்த்தான். விடை மாறவில்லை.

ஆயினும் குறுக்கே விரிந்த தடத்தால் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. உலர்ந்த தெருவில் வளைவிலே திரும்பும்போது அத்தகைய தடம் பக்கவிசையை நன்கு தாங்கும். ரயர் குறைவாகவே நெளியும். இறப்பர் கூடுதலாயிருப்பதால் வெப்பத்தையும் தாங்கும். பந்தய வண்டிகள் அகன்ற ரயரிற் செல்வது வீண் ஆடம்பரத்துக்காக அன்று. ஆனாற் பந்தயத்திலும் மழை வந்தவுடன் ரயரை மாற்றுகின்றனரே! அதனைச் சிந்திக்க வேண்டும்.

அகன்ற ரயரின் பகை தண்ணீரே. ரயர் உருண்டு செல்லும்போது தன் முன்னே கிடக்கும் நீரைத் தள்ளி வழி செய்துகொண்டே தெருவைத் தொடவேண்டும். அகலம் கூடினால் ஒரு கணத்திற் தள்ளவேண்டிய நீரும் கூடும்; தடத்தின் நீளம் குறுகினால் அந்நீரைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரமோ குறையும். தள்ள முடியாதபோது நீர் ஆப்புப்போல உள்ளே புகுந்து ரயரைத் தூக்கிவிடும். அப்போது வண்டி தெருவில் ஓடவில்லை, தோணியாக மிதக்கின்றது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வோல்ற்றர் ஹோர்ன் என்பவர் விமானச் சில்லுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டளவில் ஓர் எளிய சூத்திரம் தந்தார். காற்றழுத்தத்தை இறாத்தலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 10.35ஆற் பெருக்கினால், ஆழ்ந்த நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என வரும். 32 இறாத்தலுக்கு விடை 58½ மைல். காற்றை 25 இறாத்தலுக்குக் குறையவிட்டால் 52 மைல். நல்ல ஆழமான வெட்டுக்கள் உள்ள ரயர் இதற்கு மேலும் தாங்கும். தேய்ந்த ரயர் தாங்காது. இங்கிலாந்தின் பெருந்தெருக்களிற் சட்டம் அனுமதிக்கும் வேகமோ 70 மைல்.

இந்த எண்களை எழுதும்போது எமது கை சற்று நடுங்கியது. அதன் காரணத்தை மைந்தனுக்கும் அன்றுதான் முழுதாகச் சொன்னோம்.

எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் இருந்தார். கணிதத்தில் எம்மை என்றும் முந்தியவர். இங்கு வந்தபின் நல்ல உத்தியோகம் பெற்று, பின்சில்லு ஓட்டும் விரைவான வண்டியொன்று வாங்கினார். அதன் பின்ரயர்கள் முன்ரயர்களினும் மிக அகன்றவை. பின்ரயர்கள்தாம் விரைவிற் தேய்வன, அவருடையனவும் தேய்ந்திருந்தன. சட்டம் விதித்த எல்லைக்குள் இருந்தன. ஆனாற் புதிய ரயரின் வெட்டில் நாலிலொரு பங்கே மிஞ்சியிருந்தது. ஒரு கார்த்திகை மாத மாலையில், மழை பெய்து ஓய்ந்த வேளை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வேகமாகச் செல்லவில்லை. சாலையின் தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கி நின்றது. முன்சில்லுகள் அதனைக் கடந்தன, பின்சில்லுகள் கடக்கவில்லை. வண்டி இருமுறை சுழன்று கரையிலிருந்த வேலியில் மோதியது.

நண்பர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரம் வைத்தியசாலையிற் கிடந்தார். நாம் பார்க்கச் சென்றபோது அவர் சொன்ன வார்த்தை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. “நான் ஒன்றுமே செய்யவில்லையடா. நேராகத்தான் போனேன்.” அதன்பின் அவர் வண்டி ஓட்டவில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றவர் அவர் மனைவியார். மழைநாட்களில் அவரோடு கூடச் செல்லவும் நண்பர் அஞ்சினார். வன்மையும் நிதானமும் உடைய ஒரு மனிதரின் மனத்திலிருந்து துணிவைப் பறிப்பதற்கு ஒரு விநாடி போதுமாயிற்று.

முன்சில்லு முதலில் மிதந்தால் கையிலுள்ள ஸ்டியறிங் இலேசாகி எச்சரிக்கை செய்யும். வண்டி நேரே செல்லும். பின்சில்லு முதலில் மிதந்தால் எச்சரிக்கையே இல்லை. பின்ரயர்கள் முன்ரயர்கள் நீரைத் தள்ளிச் சென்ற தடத்திலேயே வருகின்றன என்பது உண்மை; ஆனால் முன்னதனினும் மிக அகன்ற பின்ரயரின் விளிம்புகள் துடைக்கப்படாத நீரையே சந்திக்கின்றன. உலர்ந்த நாளில் வாலை அடக்கிய அதே அகலம், வெட்டுத் தேய்ந்தபின் மழைநாளில் வாலை அவிழ்த்து விடக்கூடும். அகலத்தை வாங்குபவர் மழைக்கு உரிய ஆழத்தையும் சேர்த்து வாங்கவேண்டும் என்பதே இதன் பொருள்.

கதையைக் கேட்டு மைந்தன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சரி அப்பா, எது சரியென்று பார்ப்போம்,” என்றான். ‘அகலம்’ என்ற சொல் ‘சரி’ என்று மாறியதை நாம் கவனித்துக்கொண்டோம்.

மறுநாள் ரயர்க் கடைக்குச் சென்றோம். கடைக்காரரும் நம் கல்லூரியின் பழைய மாணவரே. எமக்கு நான்கு வகுப்புக் கீழே படித்தவர். “அண்ணை, வாங்கோ,” என்று வரவேற்றுத் தேநீர் தருவித்தார். எமக்குத் திறந்திருந்த வழிகள் நான்கு.

முதல்வழி, நான்கு சில்லிலும் 225. இதே வண்டிக்கு அத்தகைய ஏற்பாடும் செய்தோரால் அங்கீகரிக்கப்பட்டதே. ஆனால் அதற்குரிய றிம்கள் வேறு. அவ்வழியில் முன்பின் மாற்றிப் பூட்டலாம், தேய்வு சமமாகும், செலவு குறையும். இரண்டாவது வழி, உள்ளபடியே பின்னே 245. மூன்றாவது, பின்னே 255/40. எமது பின்றிம்மின் அகலம் எட்டரை அங்குலம். 255 ரயருக்கு விதிக்கப்பட்ட றிம் எட்டரை முதற் பத்து அங்குலம் வரை. அதாவது கீழெல்லையில் நின்று பொருந்தும். விட்டமும் 636 மில்லிமீற்றராக உயரும். நான்காவது வழி, மைந்தன் முதலில் ஆசைப்பட்ட 275/40. அதற்குக் குறைந்தது ஒன்பது அங்குல றிம் வேண்டும். விட்டம் 652 ஆகும். இருந்த ரயரினும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு கூடும்.

கடைக்காரர் நான்காவது வழியைக் கேட்டுச் சிரித்தார்.

“தம்பி, ஒடுங்கின றிம்மில் அகலமான ரயரைப் போட்டால் அது பலூன்போலப் பிதுங்கி நிற்கும். பார்க்க அகலம், வளைவில் நெளியும். உள்ளுக்குச் சில்லுக்கூட்டில் உரசும். நாலு சில்லின் சுற்றையும் ஒப்பிட்டுத்தான் வண்டியின் மூளை சறுக்கலைக் கண்டுபிடிக்கிறது. ஒரு பக்கத்துச் சில்லைப் பெரிதாக்கினால் அதற்குப் பொய் சொல்லுகிற மாதிரி.”

வேறொரு காரியத்தையும் நினைவூட்டினார். வண்டி செய்தோர் விதித்த அளவுக்குப் புறம்பான ரயரைப் பூட்டினால் அது மாற்றம் எனக் கருதப்படலாம். காப்புறுதிக் கொம்பனிக்கு அறிவிக்காது விட்டால், விபத்து நேரும் நாளில் அவர்கள் கைவிரிக்கவும் கூடும். இளஞ்சாரதியின் பெயரும் சேர்ந்த பத்திரத்தில் இஃது விளையாட்டன்று.

“ஆனால் எம் 3 வண்டிக்குப் பின்னுக்கு 255 போட்டுத்தானே விற்றார்கள்?” என மைந்தன் கேட்டான். நல்ல கேள்வி. எமது வண்டியின் அதே குலத்திற் பிறந்த எம் 3க்கு முன்னே 225, பின்னே 255, றிம் 18 அங்குலம். உண்மை. ஆனால் அதன் வலு 343 குதிரை. அவ்வகலத்துக்காகச் சில்லுக்கூட்டை வீங்கச் செய்தனர். அச்சிடை தூரத்தை மாற்றினர். வில்லையும் தண்டையும் வேறாக்கினர். அகலமான ரயர் அங்கே முழு வண்டியின் ஒரு பகுதி. எமது வண்டியிலோ அஃது ஒட்டுவேலை. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சும் பேசப்படுவதை மாணவர் அறிவர். செயலின் வலியையும் தன் வலியையும் சேர்த்து எடைபோடுக என்னும் பாடம் கராஜிலும் செல்லும்.

முடிவில் 245ஐயே தெரிந்தோம். 225 நான்கு பூட்டுவதற்கு வேறு றிம்கள் வாங்கவேண்டும். அன்றியும் 231 குதிரையின் உழைப்பைச் சுமக்கும் பின்சில்லுக்குச் சிறிது கூடிய அகலம் நியாயமே. 255 தகாததன்று, ஆனால் அதனால் வரும் நன்மை உலர்ந்த கோடையில் விரைந்து திரும்புவோர்க்கு உரியது, மாரியில் இருநூறு மைல் செல்லும் மாணவனுக்கு உரியதன்று. அகலத்துக்குச் செலவிட நினைத்த பணத்தை ஈரப்பிடிப்புக்குச் செலவிட்டோம். ஐரோப்பாவில் 2012ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு புதிய ரயரிலும் ஈரத்தெருவில் அதன் பிடிப்பு எத்தரம் என எழுத்திட்ட சீட்டு ஒட்டப்படுகின்றது. முதற்றரமானதையே நான்கு சில்லுக்கும், ஒரே கொம்பனியின் ஒரே மாதிரியில் வாங்கினோம். பாரமும் வேகமும் குறிக்கும் 91 டபிள்யூ என்ற பொறிப்பையும் பார்த்தோம். ஒரு ரயர் 615 கிலோகிராம் வரை தாங்கும், மணிக்கு 270 கிலோமீற்றர் வரை பொறுக்கும் என்பது அதன் பொருள். பக்கச் சுவரில் முட்டை வடிவக் கூட்டுக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் படித்தோம். முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் கூறும். பல ஆண்டு களஞ்சியத்திற் கிடந்த ரயர் புதிதுபோற் தோன்றினும் புதிதன்று.

வாங்குவதோடு காரியம் முடிந்துவிடாது. மைந்தனுக்கு நாம் விதித்த நிபந்தனைகள் மூன்று. மாதம் இருமுறை, சில்லு குளிர்ந்திருக்கும்போது, காற்றழுத்தம் பார்த்தல். முன்னும் பின்னும் அகலம் வேறாகையால் மாற்றிப் பூட்ட இயலாது. ஆதலின் பின்ரயரின் வெட்டை மாதந்தோறும் அளத்தல், அதிலும் கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பை விசேடமாக அளத்தல். ஏனெனில் இவ்வண்டியின் பின்சில்லுகள் உட்புறம் சிறிது சாய்ந்து நிற்பன. சட்டப்படி நடுவிலுள்ள முக்காற் பங்கு அகலத்தில் 1.6 மில்லிமீற்றர் வெட்டு இருந்தாற் போதும். எமது இல்லத்துச் சட்டமோ 3 மில்லிமீற்றர். மூன்றாவது, நீர் தேங்கிய இடத்தைக் கண்டவுடன் முன்னதாகவே வேகம் குறைத்தல். நீருள் புகுந்தபின் பிறேக்கையும் தொடாதே, ஸ்டியறிங்கையும் திருப்பாதே என்பது. இம்மூன்றையும் அவன் ஒரு கொப்பியில் எழுதிவைத்தான்.

2017ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்கு அவன் தனியே வண்டி செலுத்தி வீடு வந்த நாளில் மழை விடாது பெய்தது. வழக்கமாக நான்கு மணி நேரத்தில் வருபவன் ஐந்தே முக்கால் மணி நேரம் எடுத்தான். அவன் தாயார் சமையலறைச் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார். வந்து இறங்கியவன் சொன்னது இவ்வளவே: “தண்ணீர் நின்ற இடமெல்லாம் ஐம்பதிலே வந்தேன் அம்மா. பின்னுக்கு ஒருக்காலும் அசையவில்லை.” அவன் இராச் சாப்பாடு உண்டபின், எம்மிடம் வந்து தாழ்ந்த குரலில், “அகலமானதைப் போட்டிருந்தால் நான் ஐம்பதிலே வந்திருக்கமாட்டேன் அப்பா, அதை நம்பி ஓடியிருப்பேன்,” என்றான். ரயரைப் பற்றி நாம் கணித்த எல்லாவற்றினும் இக்கணிப்பே ஆழமானது.

பூட்டியிருக்கும் பொருளின் தோற்றம் ஓட்டுபவன் மனத்தையும் மாற்றுகின்றது. அகன்ற ரயர் தரும் பிடிப்பைக் காட்டிலும் அது தரும் நம்பிக்கை பெரிது. பிடிப்புக்கும் நம்பிக்கைக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் விபத்து நிகழ்கின்றது.

கல்லூரியில் இன்று பயிலும் தம்பியரிற் பலர் நாளை வண்டி வாங்குவர். பலர் யந்திரவியல் கற்று, வண்டி ஆக்குவோராகவும் வருவர். அவர்களுக்கு நாம் கூறுவது அகன்ற ரயர் தீது என்பதன்று. வலு மிக்க வண்டிக்கு, தக்க றிம்மோடு, தக்க சில்லுக்கூட்டோடு, வெட்டுத் தேயாதிருக்கும் காலம் வரை அது நன்றே. கூறுவது இதுவே: ‘கூடினால் நன்று’ என்று எவர் சொன்னாலும், எதற்குக் கூடினால், எவ்வளவு கூடினால், எந்த நாளில் நன்று எனக் கேளுங்கள். கேட்டபின் ஒரு கடுதாசியை எடுத்து வகுத்துப் பாருங்கள். இக்கல்லூரியின் கரும்பலகையில் நாம் கற்ற வகுத்தல் கணக்கு, கடல் கடந்த நாட்டில், நாற்பது ஆண்டு கழித்து, எமது பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதனினும் வேறில்லை. அவள் நீடு வாழ்க; அவள் மக்கள் செல்லும் வழியெல்லாம் சேமமாகச் செல்க.